தரை ஆடுது, பாட்டு தெரியல

என் அக்கா பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். இதைச் சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "பாடுவாங்களா?" என்பதுதான். பாடமாட்டாள். "அப்ப என்னதான் வாசிப்பாங்க?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு அவளே ஒரு பதில் வைத்திருக்கிறாள். "நான் நிறுத்தினா எது குறையுதோ, அதை."

பகலில் அவளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை ஃப்ரேமின் அளவுக்கு உரசி, விளிம்பை வழவழப்பாக்கி, காதில் மாட்டும் காம்பை வளைத்துக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை மாலைகளில் ஓர் ஓட்டலின் விருந்து மண்டபத்தில் வாசிப்பு. கம்பெனி ஆண்டு விழா, யாரோ ஒரு மேலாளர் ஓய்வு பெறும் விருந்து, இந்த மாதிரி. சாப்பிடுகிறவர்களின் முதுகைப் பார்த்தபடியே வாசிக்க வேண்டும்.

கல்லூரியில் ஒரு பையன் படிப்பை நிறுத்திவிட்டுப் போனபோது அவனுடைய பேஸ் கிட்டார், இசைக்குழு அறையிலேயே கிடந்தது. அக்காவின் விரல்கள் நீளம். அவ்வளவுதான், அவள் பேஸ் வாசிக்க வந்த கதை. வீட்டுக்கு எடுத்து வந்த அன்று அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாலு கம்பிதான் இருக்கு. மீதி ரெண்டை யாருடி அறுத்தது?" என்று கேட்டாள்.

அந்தக் கல்லூரி மேடைக்கு ஒலி அமைக்க வந்தவர்தான் பின்னால் எனக்கு அத்தான் ஆனார். அவரிடம் ஒரு ஆம்ப்ளிஃபையர் இருந்தது. ஃப்ரிட்ஜ் உயரம். இரண்டு பேர் சேர்ந்தால்தான் நகரும். அக்கா எங்கே வாசித்தாலும் அது பின்னால் நிற்கும். அவள் வாசிப்பாள், அவர் மண்டபத்தின் நடுவில் நின்று கேட்பார், பிறகு மேலே ஏறி வந்து குமிழ்களைத் திருகுவார். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் இதுதான் நடந்தது. இத்தனை வருஷத்தில் அக்கா அந்தக் குமிழ்களில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை.

அவர் அக்காவை விட்டுப் போனபோது நான் ஊர் சுற்றப் போன தூர தேசத்தில் ஒரு பஸ் நிலையத்தில் இருந்தேன். 'அத்தான் போயிட்டாரு' என்று மெசேஜ் வந்தது. பதறிப்போய்க் கூப்பிட்டேன்.

"எப்படிக்கா? என்ன ஆச்சு?"

"சாமான் வண்டியில. ஆம்ப்ளிஃபையரையும் ஏத்திக்கிட்டாரு. ஒரு பக்கம் நான்தான் பிடிச்சேன்."

"என்னக்கா சொல்றே?"

"கனமா இருக்கும்ல. அவரால தனியா தூக்க முடியாது."

நான் ஊர் திரும்பி அவளுடைய வீட்டிலேயே ஒட்டிக்கொண்டபோது, அழுகையோ கோபமோ இருக்கும், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அப்படி எதுவும் இல்லை. காலையில் எழுந்தாள், குளித்தாள், வேலைக்குப் போனாள், வந்தாள். பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் நம் கன்னத்தை நாமே தொட்டாலும் வேறு யாருடையதோ போல இருக்குமே, அப்படி நடமாடினாள். சமையலில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவினாள். எனக்குத்தான் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானங்களில் அவளுடைய கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன்.

அப்படி ஒரு மத்தியானம் மாஸ்டர் கடைக்கு வந்தார். அக்கா சனிக்கிழமைகளில் வாசிக்கும் இசைக்குழுவை நடத்துகிறவர். கண்ணாடியின் ஒரு காம்பு தொங்கிக்கொண்டிருந்தது.

"இதைக் கொஞ்சம் பாரும்மா. எதைப் பார்த்தாலும் ஒரு பக்கம் சாஞ்சே தெரியுது."

அக்கா வாங்கித் திருகாணியை முடுக்க ஆரம்பித்தாள். அவர் என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் நேராவே சொல்லிடறேன். பெரிய ஆம்ப்ளிஃபையர் போனதுலேர்ந்து நீ கிட்டாரை அப்படியே சவுண்டு மிக்சர்ல சொருகுறே. கேக்க முடியல. ரப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரி இருக்கு."

"ம்."

"என் மச்சான் கீபோர்டுல இடது கையாலயே பேஸ் போட்டுடறேங்கறான். அவனுக்கு இடது கை சும்மாதான் இருக்கு. நான்தான் பொறுன்னு சொல்லி வெச்சிருக்கேன். இந்தச் சனிக்கிழமை பார்ப்போம். அன்னிக்கும் சரியா வரலைன்னா, நீ என்னைத் தப்பா நினைக்கக் கூடாது."

அக்கா எழுந்து கண்ணாடியை அவருடைய முகத்தில் மாட்டி, இரண்டு காதுப் பக்கமும் விரலை விட்டுப் பார்த்தாள்.

"மூக்குல உறுத்துதா மாஸ்டர்?"

"இல்லம்மா."

"அப்ப சரி."

அவர் போன பிறகு நான் பொரிந்து தள்ளினேன். எத்தனை வருஷமாக வாசிக்கிறாய், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லக் கூடாதா என்றேன். "அவர் சொன்னது நெசம்தானே? ரப்பர் பேண்டு மாதிரிதான் இருந்துச்சு" என்றாள். பிறகு அடுத்த லென்ஸை எடுத்துக்கொண்டு, தலை நிமிராமல், "அதுவும் போயிடுச்சுன்னா சனிக்கிழமை என்ன பண்றதுன்னு தெரியல" என்றாள். நான் வந்த பிறகு அவள் தன்னைப் பற்றிச் சொன்ன ஒரே வாக்கியம் அது.

மறுநாள் ஒரு சின்ன இரும்புப் பெட்டி வாங்கி வந்தாள். சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது. டி.ஐ. பெட்டி என்கிறார்கள். கிட்டாரை அதில் சொருகி, அதிலிருந்து ஒரு வயரை மிக்சருக்கு இழுத்துவிட்டால் ஆம்ப்ளிஃபையரே வேண்டாம், சத்தம் மெலியாமல் நேராகப் போய்ச் சேரும். இவள் வாங்கியதில் இன்னொரு வசதியும் இருந்தது. உள்ளேயே ஒரு பொய் ஆம்ப்ளிஃபையர். பெரிய பெட்டியும் பெரிய ஸ்பீக்கரும் பின்னால் நிற்பதைப் போன்ற ஒரு சத்தத்தை அதுவே செய்து காட்டும். அந்தச் சத்தம் எவ்வளவு, கிட்டாரின் சொந்தச் சத்தம் எவ்வளவு என்று கலப்பதற்குத் தனியாக ஒரு குமிழ்.

"ஃப்ரிட்ஜை சோப்பு டப்பாவுக்குள்ள அடைச்சிட்டாங்களா!" என்றேன்.

"அப்படித்தான் போட்டிருக்கு" என்றாள்.

அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். போனில் பழைய விருந்து ஒன்றின் பதிவு இருந்தது. அதை ஒரு காதில் கேட்பாள், தான் வாசிப்பதை இன்னொரு காதில் கேட்பாள், ஒரு குமிழை மயிரிழை அளவு திருப்புவாள். அடிச் சத்தத்தில் கனம், உச்சத்தில் மினுக்கு, நடுவில் ஒன்றுமே இல்லாமல் ஒரு பள்ளம். பழைய ஆம்ப்ளிஃபையர் அப்படித்தான் இருந்தது என்றாள். கடையில் லென்ஸின் நடுப்புள்ளியைக் குறிக்கும் வெள்ளைப் பேனாவால் ஒவ்வொரு குமிழுக்கும் எதிரே ஒரு புள்ளி வைத்தாள். அழித்தாள். மறுபடி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினாள்.

"கேளு."

கேட்டேன். தடித்த கம்பளியை விரித்ததுபோல இருந்தது. கண்ணை மூடினால் பின்னால் ஏதோ பெரிதாக நிற்கிற மாதிரியே இருந்தது.

"அத்தானோட சத்தம்" என்றேன்.

"ஆம்ப்ளிஃபையரோட சத்தம்" என்று திருத்தினாள்.

சனிக்கிழமை பிற்பகல் நானும் கூடப் போனேன். மண்டபத்தில் மேசைகளுக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டலின் சவுண்டுக்காரர், தொப்பையால் மிக்சரை இடித்தபடி, பாதி தின்ற பிஸ்கட்டோடு நின்றிருந்தார். அக்கா பெட்டியைக் காலடியில் வைத்து, வயரைக் கொடுத்து, புள்ளிக்கு நேராகக் குமிழ்களைச் சரிபார்த்தாள். தனியாக நாலைந்து சுரம் வாசித்தாள். மேசைத் துணி விரித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கட்டைவிரலை உயர்த்தினேன்.

பிறகு டிரம் சேர்ந்தது. கீபோர்டு சேர்ந்தது. பாடகி சேர்ந்தாள். அக்காவைக் காணவில்லை.

வாசித்துக்கொண்டுதான் இருந்தாள். விரல்கள் ஓடுவது தெரிந்தது. என் உள்ளங்காலில் அதிர்ந்தது, மேசைமேல் கரண்டிகள் நடுங்கின. ஆனால் என்ன சுரம், எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, ஒன்றும் பிடிபடவில்லை. மாஸ்டர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"தரை ஆடுது. பாட்டு தெரியல."

கீபோர்டில் இருந்த மச்சான் இடது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "என்னப்பா, உன்னைத்தான் கூப்பிடுறாங்க" என்று அதனிடம் சொன்னார். டிரம்காரர் சிரித்தார். அக்காவும் லேசாகச் சிரித்தாள், மரியாதைக்கு.

சவுண்டுக்காரர் பிஸ்கட்டை விழுங்கிவிட்டு, "ஏம்மா, இதை வீட்ல தனியா ஹெட்போன்ல கேட்டா வெச்சே?" என்றார்.

"ஆமா."

"எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. நானும் பண்ணியிருக்கேன். தனியா கேட்டா ராஜா மாதிரிதான் இருக்கும். இங்க அடியில டிரம் உக்காந்திருக்கு, மேல கீபோர்டு. உனக்கு நடுவுலதான் இடம். நீ அந்த நடுவையே தோண்டி எடுத்துட்டு வந்திருக்கே."

"முன்னாடியும் இதே சத்தம்தானே? பின்னாடி வரைக்கும் கேட்டுச்சே."

"முன்னாடி உன் பின்னாடி ஆளுயர ஸ்பீக்கர் நின்னுச்சு. உங்க வீட்டுக்காரரு நடந்து நடந்து கேட்டு, பாட்டுக்குப் பாட்டு மாத்துவாரு. போன்ல பதிஞ்சது மேடைக்குப் பக்கத்துலேர்ந்து, அவ்வளவுதான்."

அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை. சொன்ன பிறகு மிக்சரைக் குனிந்து பார்த்துக்கொண்டார். மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மச்சானின் இடது கை கீபோர்டின்மேல் இறங்கி, அக்காவின் பகுதியைத் தப்பில்லாமல் வாசித்துக் காட்டியது.

அக்கா கிட்டாரைக் கழற்றினாள். முடிந்தது, கிளம்பப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"ஏய் ஊர்சுத்தி, மேல வா."

"எதுக்கு?"

"வாடி."

ஏறினேன். கிட்டாரை என் கழுத்தில் மாட்டினாள். அவ்வளவு கனத்தை நான் எதிர்பார்க்கவில்லை. "மேலேர்ந்து ரெண்டாவது கம்பி. விடாம தட்டு. வேற எதையும் தொடாதே" என்றாள். டிரம்காரரிடமும் மச்சானிடமும், "நீங்க பாட்டை வாசிங்க, இவ ஒரே சுரத்துலதான் நிப்பா, பொறுத்துக்கங்க" என்றாள். "கச்சேரி களை கட்டிடும்" என்றார் மச்சான். சவுண்டுக்காரரைப் பெட்டிக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்காரச் சொன்னாள். அவர் முனகிக்கொண்டே உட்கார்ந்தார்.

அக்கா படியிறங்கி மண்டபத்துக்குள் நடந்தாள்.

இத்தனை வருஷத்தில் அவள் தன் கிட்டாரைக் கீழேயிருந்து கேட்டதே இல்லை. வாசிக்கிறவள் எப்படிக் கேட்க முடியும்? கேட்பது அத்தானின் வேலையாக இருந்தது. நான் டொம் டொம்மென்று தட்டிக்கொண்டே அவளைப் பார்த்தேன். அவர் நிற்கும் நடு இடத்தில் அவள் நிற்கவில்லை. சுவரோரமாகப் போனாள். தூணுக்குப் பின்னால் மறைந்து மறுபக்கம் வந்தாள். பரிமாறுகிறவர்கள் வரும் கதவருகே நின்றாள். பிறகு கடைசி மேசையில் ஒரு நாற்காலியை இழுத்து, சாப்பிட வந்தவளைப் போல மேடைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தபடியே கையை உயர்த்தி, "அந்தக் கலக்குற குமிழைக் குறைங்க" என்று கத்தினாள்.

சவுண்டுக்காரர் குறைத்தார். என் காலடியில் அதிர்வு கொஞ்சம் தணிந்தது.

"இன்னும்."

குறைத்தார்.

"இன்னும் குறைங்க."

"ஏம்மா, இதுக்கு மேல குறைச்சா ஆம்ப்ளிஃபையரே இருக்காது. வெறும் கிட்டார்தான். அதுக்கா இந்தப் பெட்டியை வாங்கினே?"

அவள் திரும்பவில்லை. முதுகு அசையவும் இல்லை. நான் தட்டுவதை நிறுத்தவில்லை, நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. டிரம் போய்க்கொண்டிருந்தது.

"முழுசா எடுத்துடுங்க" என்றாள்.

அவர் குமிழைக் கடைசிவரை திருப்பினார்.

கம்பளி போய்விட்டது. பின்னால் நின்றது எதுவோ அதுவும் போய்விட்டது. என் விரல் கம்பியில் படும் சத்தம், கம்பி விடுபடும் சத்தம், அதற்குப் பின் அந்த ஒரே சுரம், வெறுமையாக, கோடு போட்டதுபோல. ரப்பர் பேண்டு இல்லை. பெட்டி தன் வேலையைச் செய்தது, சத்தம் மெலியவில்லை. ஆனால் அழகென்றும் சொல்ல மாட்டேன். டிரம்முக்கும் கீபோர்டுக்கும் இடையில் அது நின்றது, அவ்வளவுதான். மச்சான் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அக்கா எழுந்து வந்து என்னிடமிருந்து கிட்டாரை வாங்கினாள்.

"கை வலிக்குதா?"

"வலிக்குது."

"முதல்ல அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டாள்.

மாலை விருந்தில் அந்த வெறும் கிட்டாரைத்தான் வாசித்தாள். கடைசி மேசையில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒவ்வொரு சுரமும் கேட்டது. பக்கத்தில் ஒருவர் தட்டைப் பார்த்துக்கொண்டே மேசையடியில் காலால் தாளம் போட்டார். அது டிரம்மோடு போகவில்லை, அக்காவோடு போனது. அவர் மேடையை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

விருந்து முடிந்து எல்லோரும் கை கழுவப் போனதும் மாஸ்டர் மேடையேறினார்.

"இப்பதான்மா பேஸ் மாதிரி இருக்கு. இடது கைக்கு வேற வேலை பார்த்துக்கறோம். நீ வழக்கம்போல வந்துடு."

"சரி மாஸ்டர்."

"என்ன, சந்தோஷம்தானே?"

"ம்" என்றாள். குனிந்து, பெட்டியிலிருந்து வயரைப் பிடுங்கினாள்.

மிக்சரில் அவளுடைய லைனை இன்னும் அணைக்கவில்லை. குண்டு வெடித்ததுபோல ஸ்பீக்கர்களில் 'டப்' என்று அடித்தது. பரிமாறுகிறவர் ஒருவர் தட்டுகளைக் கீழே போட்டார். பாடகி "அம்மா!" என்று அலறினாள். சவுண்டுக்காரர் நெஞ்சில் கை வைத்தபடி, "ஏம்மா, சொல்லிட்டு எடுக்கக் கூடாதா?" என்று கத்தினார்.

"இதுவும் நல்லாத்தான் கேட்டுச்சு" என்றார் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

அக்கா மட்டும் திடுக்கிடவில்லை. பல் ஊசியின் மரப்பு இன்னும் விடாதவள் போல, என்ன சத்தம் என்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வயரை முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையில் வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.