றெஜினாக்கா சொன்ன பொய்

பிள்ளைகளே, நான் செய்த ஒரு களவை உங்களிடம் சொல்லப்போகிறேன்.

முல்லைத்தீவில் எங்கள் கரைவலை இழுத்து முடிந்ததும், கடலுக்குப் போக ஆளில்லாத வீடுகளுக்குத்தான் அம்மா முதல் மீனை அனுப்புவார். நாற்பது வருட வழக்கம் அது. எண்பது வயதில் அவருக்கு நடக்க இயலாமல் போனதும் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது.

போரால் ஆழ்கடலுக்குப் போகத் தடையிருந்த காலம்; கரையோரம் மட்டும்தான் வலை போடலாம். ஒருநாள் வலையில் சொற்ப மீன்தான் பட்டது. கணவனைக் கடலில் இழந்த றெஜினாக்காவுக்கென்று அம்மா இரண்டு பாரை மீன் தந்தார். என் பிள்ளைகளும் பசியோடு இருந்தார்கள். மீனை என் வீட்டுக் குசினியில் மனைவியிடம் சமைக்கக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் றெஜினாக்கா அம்மாவைப் பார்க்க வந்தார்.

“ரெண்டு பாரையும் கொண்டந்து தந்தவனோ, பிள்ளை?” என்று அம்மா கேட்டார்.

றெஜினாக்கா என்னை ஒருதரம் பார்த்தார்.

“ஓம் மாமி. நல்ல மீன். பிள்ளையள் சட்டியையும் வழிச்சுத் திண்டுதுகள்.”

“என்ர மகனெல்லோ!” என்று அம்மா பொக்கை வாயால் சிரித்தார்.

அந்த மாதமே அம்மா காலமானார். சோற்றில் கை வைக்கும்போது சில நாள் அந்தச் சிரிப்பு முன்னால் வந்து நிற்கும். றெஜினாக்காவின் பிள்ளைகள் அன்று என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.