முப்பத்து நாலில் இல்லாத நிறுத்தம்

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் காத்திருந்த அம்மாளுக்கு இரண்டு தடவை மணியடித்துக் காட்டிவிட்டு, நிற்காமல் டிராமை ஓட்டிக்கொண்டு போனார் மெர்வின் பாஸ்கோ. அங்கே அவர் நிற்பதே இல்லை. பதினேழாம் எண் டிராமை 1934-இல் இருந்தபடியே, பெயிண்டிலிருந்து இருக்கைத் திருகாணி வரை புதுப்பித்திருக்கிறார்கள். அந்த வருஷம் அங்கே நிறுத்தம் கிடையாது.

"அன்னைக்கி அங்க ஆட்டுப்பட்டிதான் இருந்துச்சு. ஆட்டுக்கெல்லாம் டிராம் நிக்குமா?" என்பார்.

1934-இல் அவரும்தான் கிடையாது. நாற்பது வருஷம் பல்செட் விற்று ஓய்வுபெற்றபின், வாரண்டேல் டிராம் கொட்டகையில் சம்பளமில்லாமல் ஓட்ட வந்தவர். பேச்சைக் கேட்டால் தண்டவாளம் போட்டதே அவர்தான் என்று தோன்றும். 1934-இல் இல்லாத நைலானில் சட்டை போட்டு வந்ததற்காகக் கண்டக்டர் பாரியை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். "உன் காதுல இருக்கிற மெஷின் எந்த வருஷத்துச் சரக்கு, மெர்வ்?" என்று பாரி கேட்டுவிட, ஒரு வாரம் இருவருக்கும் பேச்சில்லை.

கடைசியில் கொட்டகைப் பொறுப்பாளர் லியான் கறாராகச் சொல்லிவிட்டார். "மூணு புகார் வந்தாச்சு, மெர்வ். நாளைக்கி நானே வண்டில வர்றேன். ஆஸ்பத்திரில நிக்கலேன்னா, கைப்பிடிய குடுத்துட்டு பித்தளை தொடைக்கப் போங்க."

அந்தக் கைப்பிடியை மாட்டித் திருகாமல் டிராம் நகராது. மெர்வினும் நகர மாட்டார். சாப்பிடும்போதுகூட அது தட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மறுநாள் நல்ல மழை. லியான் முன்னிருக்கையில். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில், மணிக்கட்டில் மாவுக்கட்டோடு நின்றவர் மெர்வினின் மனைவி கிளெனிஸ். காலையில் தோட்டத்தில் வழுக்கி விழுந்தும், "நான் பாத்துக்கறேன், நீ போய் ஓட்டு" என்று கணவரை அனுப்பிவைத்த புண்ணியவதி.

"மெர்வ்! நான்தான்! நிறுத்து!"

"நிறுத்திரு மெர்வ்," என்றார் பாரி. "இல்லேன்னா வீட்ல ஞாயித்துக்கெழமக் கறி ரோஸ்ட்டு போயிரும்."

மெர்வினின் கை பிரேக்குக்குப் போய், பாதியில் திரும்பியது. பாவம், மனிதர் உண்மையிலேயே தவித்துப்போனார். ஆனால் வண்டி தாண்டிவிட்டது. நூறு கெஜம் தள்ளி, 1934-இன் பழைய நிறுத்தக் கம்பத்தருகே அச்சுப் பிசகாமல் நின்றது.

லியான் கைப்பிடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தானே ஓட்டும் இடத்தில் போய் நின்றார்.

மெர்வின் இறங்கி மழையில் ஓடினார். "முப்பத்து நாலுல குடைகூடவா கண்டுபிடிக்கல?" என்று சீறினார் கிளெனிஸ். மெர்வின் கோட்டைக் கழற்றி மனைவியின் தலைக்கு மேல் பிடித்து, கம்பம் வரை கூட்டி வந்தார். அங்கே, நின்றுகொண்டிருந்த டிராமைப் பார்த்து, பயணி மாதிரி முறையாகக் கையை நீட்டினார்.