தோன்கா அக்காவின் இருபதாவது பட்டப்படிப்பு

எங்கள் பல்கலைக்கழகத்தில் பத்தொன்பது பட்டப்படிப்புகளுக்கு அங்கீகாரம் வாங்கிக் கொடுத்தவர் டீன் அலுவலகத்துத் தோன்கா பெல்ச்சேவா. அவரிடம் ஒரு பட்டமும் கிடையாது. தட்டச்சுப் பள்ளியில் வாங்கிய சான்றிதழ் ஒன்று உண்டு. அதில் வேகத்துக்கு முதலிடம், பிழையின்மைக்கு இரண்டாமிடம் என்று போட்டிருக்கும்.

கணிதத் துறையில் இடமில்லை என்று என் மேசையை அவருடைய அறையில் ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். அதனால் பதினோரு வருடம் அவர் வேலை செய்வதைப் பார்த்தேன். பேராசிரியர்கள் யோசனையோடு வருவார்கள். அக்கா அதைக் கோப்பாக்குவார். நோக்கம், தேவை, பாடங்கள், மணிக்கணக்கு, நூல்பட்டியல், இணைப்பு ஒன்று முதல் இருபத்தேழு வரை. ஒரு முத்திரை ஒரு விரற்கடை தள்ளி விழுந்தாலும் தலைநகரத்து அங்கீகார வாரியம் திருப்பி அனுப்பிவிடும். அக்காவின் கோப்பு எதுவும் திரும்பி வந்ததில்லை.

அந்த வித்தையை அவர் கற்றுக்கொண்டது தொண்ணூறாம் வருடத்தில். கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்ததும் அப்போதைய டீன் ஒரு வெள்ளிக்கிழமை அவரைக் கூப்பிட்டார். "திங்கக்கிழமையிலேர்ந்து கட்சி வரலாற்றுத் துறை கிடையாது. பண்பாட்டியல் துறைதான். எல்லாத்தையும் மாத்திடு" என்றார்.

"பாடம்?"

"தலைப்ப மாத்து."

"புத்தகப் பட்டியல்?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும். யார் படிக்கப் போறா?"

இரண்டு நாளில் மாற்றிவிட்டார் அக்கா. திங்கட்கிழமை காலையில் வந்த ஒரு விரிவுரையாளர், கதவிலிருந்த பலகையைப் படித்துத்தான், தான் இனிப் பண்பாட்டு அறிஞர் என்று தெரிந்துகொண்டார். அன்று மாலையே கழுத்துக்கு ஒரு பட்டுத்துணி வாங்கினாராம்.

நான் சொல்லவந்தது இருபதாவது படிப்பின் கதை. 2011 வசந்தத்தில் அது தொடங்கியது. ஊரில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். பிறந்தவர்களும் ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். புதுப் படிப்பு ஏதாவது தொடங்காவிட்டால் எங்கள் துறைகளில் பாதியை மூடவேண்டியிருக்கும். அப்போது டீனாக இருந்தவர் லூபென் காரோவ். விவசாய இயந்திரங்களில் பேராசிரியர். அவரிடம் படிக்க மூன்று பேர்தான் மிஞ்சியிருந்தார்கள்; அதில் ஒருவன் அவருடைய மருமகன்.

அந்த நேரத்தில் க்ரஸ்தான் ஒரு புதுப் படிப்புக்கான யோசனையை இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். நாற்பது வயது, ஊர்க் குடிநீர் நிலையத்தில் பொறியாளர். எங்களிடம் மணிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு வந்து பாடம் நடத்துகிறவர். முனைவர் பட்டம் இல்லாததால் கூட்டங்களில் அவருக்கு நாற்காலி கதவோரத்தில்தான்.

"நம்ம ஊர்ல ஏத்தற தண்ணியில பாதிக்கு மேல மண்ணுக்குள்ள போகுது" என்றார் க்ரஸ்தான். "எங்க ஒழுகுதுன்னு காதால கேட்டுக் கண்டுபிடிக்கத் தெரிஞ்சவங்க மொத்தம் மூணு பேர். ஒருத்தருக்குக் காது மந்தமாயிடுச்சு. இன்னொருத்தர் மியூனிக்ல இருக்கார். மூணாவது நான். எனக்கும் சளி பிடிச்சா ஊருக்கு ஆள் இல்ல."

அவர் வைத்திருந்த தலைப்பு: குழாய்க் கசிவைக் கண்டறிதலும் சரிசெய்தலும்.

டீன் முகத்தைச் சுளித்தார். "கசிவா? அத எப்படிப்பா பேர்ப்பலகையில எழுதறது? பெத்தவங்க என்ன நினைப்பாங்க? தோன்கா அக்கா, கௌரவமா ஒண்ணு சொல்லுங்க."

அக்கா காபியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "நீர்சார் அமைப்புகளின் ஒருங்கிணைந்த நீடித்த மேலாண்மை."

"அதுல குழாய் எங்க இருக்கு?" என்று கேட்டார் க்ரஸ்தான்.

"ஒருங்கிணைந்ததுக்கும் நீடித்ததுக்கும் நடுவுல ஒளிஞ்சிருக்கு. பயப்படாதே" என்றார் அக்கா.

அடுத்து புலக்குழு. புதுப் படிப்பு வருகிறது என்ற செய்தி, கல்யாண வீட்டில் பந்தி போட்ட செய்தி மாதிரி பரவியிருந்தது. ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு இத்தனை மணி நேரம் பாடம் நடத்தியாக வேண்டும். குறைந்தால் அரை வேலை, அரைச் சம்பளம். பிரெஞ்சு ஆசிரியை நீர்த்துறைப் பிரெஞ்சு கேட்டார், கொடுத்தார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் நீச்சல் கேட்டார். நீச்சல்குளம் இல்லை என்பதால் நீச்சல் கோட்பாடு என்று கொடுத்தார்கள். டீன் கூச்சத்தோடு தன் விவசாய இயந்திரங்களுக்கு இரண்டு பருவம் ஒதுக்கிக்கொண்டார்.

தத்துவ ஆசிரியர் எவ்திம் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை பாலாடைக்கட்டி வைத்த சூடான பனிட்சாவோடு எங்கள் அறைக்கு வந்தார்.

"அக்கா, எனக்கு முப்பது மணி குறையுது. இல்லன்னா என்னை அரை ஆளாக்கிடுவாங்க."

"தண்ணிக்கும் தத்துவத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"உலகமே தண்ணியிலேர்ந்து வந்துச்சுன்னு ஒரு கிரேக்கன் சொல்லியிருக்கான்."

"முப்பது மணி நேரமா சொன்னான்?"

"அவன் ஒரு வரிதான் சொன்னான். மீதிய நான் பாத்துக்கறேன்."

அக்கா பனிட்சாவைப் பாதியாகப் பிட்டு எனக்கு ஒரு துண்டு கொடுத்தார். பிறகு 'நீரின் தத்துவம், முப்பது மணி' என்று தட்டினார்.

இப்படி எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, க்ரஸ்தானின் நான்கு பருவம் சுருங்கி, முதல் வருடத்தில் ஒரே ஒரு விருப்பப் பாடமாகக் கிடந்தது. அந்த மனிதர் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார். "என் படிப்புல நானே விருப்பப் பாடமா?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

கோப்பு போகும்போது அந்த வரியில் 'விருப்பம்' என்பது 'கட்டாயம்' என்று இருந்தது. நான் சுட்டிக்காட்டினேன். "தட்டச்சுப் பிழை, தம்பி. பிழையில்லாம அடிக்கறதுல நான் எப்பவும் ரெண்டாவதுதான்" என்றார்.

கோப்போடு போகவேண்டிய தொலைநோக்கு அறிக்கையைப் புதிதாக எழுத அவருக்கு நேரமில்லை. கீழறையில் பழைய கோப்புகள் கிடந்தன. 1984இல் அவரே அடித்த ஒன்று, சோஷலிச நீர்ப் பொருளாதாரம் என்ற படிப்புக்கானது, தொடங்கப்படாமலே போனது. தூசு தட்டி எடுத்துவந்தார். சோஷலிச என்ற இடமெல்லாம் நீடித்த என்று மாற்றினார். ஐந்தாண்டுத் திட்டம் ஐரோப்பிய உத்தி ஆயிற்று. தொழிலாளி வர்க்கம் பயனாளர்கள் ஆனது. மீதியில் கை வைக்கவே வேண்டியிருக்கவில்லை.

வாரியத்திலிருந்து நிபுணர்கள் மூவர் சோதிக்க வந்தார்கள். அதற்கு முந்தைய நாள் குடிநீர் நிலையத்திலிருந்து இரண்டு அலமாரிப் புத்தகங்களை இரவல் வாங்கி நூலகத்தில் அடுக்கினோம். ஆய்வகம் என்று காட்டிய அறையில் க்ரஸ்தானின் துருப்பிடித்த ஒரு வால்வும், தரையில் ஊன்றிக் காதில் வைத்துக் கசிவைக் கேட்கும் மூன்று இரும்புக் கம்பிகளும் இருந்தன. தலைமை நிபுணர் அம்மையார் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அறிக்கையைத்தான் கையில் வைத்திருந்தார்.

"இந்தத் தொலைநோக்கு அறிக்கைய எழுதினது யாரு? காலத்துக்கு முப்பது வருஷம் முன்னால போய் யோசிச்சிருக்காங்க!"

டீன் நெஞ்சில் கைவைத்து, "கூட்டு முயற்சிங்க" என்றார். அக்கா காபித் தட்டோடு பின்னால் நின்றிருந்தார். சர்க்கரை வேண்டுமா என்று கேட்டார்.

அடுத்த கோடையில் அங்கீகாரம் வந்தது, மிக உயர்ந்த மதிப்பெண்ணோடு. டீன் எல்லோருக்கும் ராகியா என்னும் பழச்சாராயம் ஊற்றினார். ஆனால் சேர விண்ணப்பித்தவர்கள் பதினொரு பேர். பன்னிரண்டு இல்லாமல் வகுப்பு தொடங்கக்கூடாது என்பது விதி.

அதே வாரம் இன்னொரு விதி அமலுக்கு வந்தது. தர உறுதிப்பாட்டு அலுவலர் பதவியில் இருப்பவருக்குப் பட்டம் கட்டாயம். அக்காவின் பதவிக்கு அப்போது அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். அந்த விதியை அடித்துக் கொடுத்ததும் அக்காதான். தன்னைப் பற்றியது என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

டீன் அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். வழக்கமாக உட்காரச் சொல்கிறவர் அல்ல.

"பட்டம் இல்லாம உங்கள வச்சுக்க முடியாது, அக்கா. ஆனா படிச்சுக்கிட்டிருந்தா நாலு வருஷம் விட்டுத் தரலாம். நம்மகிட்ட இருபது படிப்பு இருக்கு, எது வேணும்னாலும் எடுங்க." தொண்டையைச் செருமினார். "ஒண்ணுல மட்டும் ஒரு ஆள் குறையுது."

"என் தலைமுடிய வெட்டி எனக்கே டோப்பா வைக்கறீங்களா?" என்றார் அக்கா.

அறைக்கு வந்து, விண்ணப்பப் படிவத்தைத் தானே அச்செடுத்து, தானே நிரப்பி, தானே முத்திரை வைத்தார். அப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. முத்திரை கொஞ்சம் கோணலாக விழுந்ததைப் பார்த்தேன்.

பத்தொன்பது வயதுப் பையன்களோடு முதல் வரிசையில் உட்கார்ந்தார். தான் எழுதிய படிப்பு அவர் தலையில் ஒவ்வொரு மணியாக விழுந்தது. நீச்சல் கோட்பாட்டில் பெஞ்சின் மேல் குப்புறப் படுத்துக் கைகாலை அடிக்கச் சொன்னார்கள். அக்கா மருத்துவச் சான்று கொண்டுபோய்த் தப்பித்தார். பிரெஞ்சில் 'குழாய் உடைந்துவிட்டது, ஐயா' என்ற ஒரு வாக்கியம் வந்தது. தத்துவத் தேர்வில் எவ்திம், "தண்ணீர் என்றால் என்ன?" என்று கேட்டார். அக்கா தான் எழுதிய பாடக்குறிப்பை வரி மாறாமல் ஒப்பித்தார். ஆறுக்கு ஆறு. எவ்திம் கண்கலங்கி, இவ்வளவு ஆழமாகத் தன் பாடத்தை வேறு யாரும் புரிந்துகொண்டதில்லை என்றார்.

மாலையில் அறைக்குத் திரும்பிக் காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திட்டுவார். "இத எழுதினவ கை விளங்காமப் போக!"

"நீங்கதானே எழுதினீங்க, அக்கா."

"தெரியும்யா. அதனாலதான் வாய் நிறையத் திட்டறேன். வேற யாராவதுன்னா மரியாதை பாப்பேன்."

இரண்டாம் பருவத்தில் க்ரஸ்தானின் தேர்வு. அவர் ஆறுக்கு இரண்டு போட்டார். எங்கள் கணக்கில் அது தோல்வி.

"ரெண்டா? உன் பாடத்த கட்டாயமாக்கினதே நான்தான்!" அக்காவின் குரல் நடைபாதையின் அந்தக் கோடிவரை கேட்டது.

"ஆமா அக்கா, அதுக்கு நன்றி. கட்டாயம்ங்கறதாலதான் தோக்கடிக்கறேன். விருப்பப் பாடமா இருந்தா விட்டிருப்பேன்." க்ரஸ்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "வால்வுல கம்பிய வச்சு என்ன கேக்குதுன்னு கேட்டேன். நீங்க இணைப்பு ஏழ ஒப்பிச்சீங்க."

முப்பது வருடமாக அவர் எழுதிக் கொடுத்த எதையும் யாரும் நிஜமாகக் கேட்டுப் பார்த்ததில்லை; அதுதான் அவரை வெட்கப்படுத்தியது என்று பின்னால் என்னிடம் சொன்னார். தேர்வு முடிந்த நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில், ரொட்டி வண்டி வருவதற்கு முன்பே, க்ரஸ்தானோடு கடைத்தெருவில் போய் நின்றார். அப்படி ஏழு ஞாயிறு. முதல் வாரங்களில் தன் ரத்தம் ஓடும் சத்தம்தான் கேட்டதாம். அப்புறம் தூரத்து லாரி. அப்புறம் யாரோ கழிவறைத் தொட்டியைத் திறந்தது.

ஏழாவது ஞாயிறு, மருந்துக்கடை வாசலில், கம்பியில் காதை வைத்தவர் அசையாமல் நின்றுவிட்டார்.

"என்ன கேக்குது?" என்று கேட்டார் க்ரஸ்தான்.

"காய்ஞ்ச எண்ணெயில மாவு விழற மாதிரி இருக்கு. விடாம விழுது."

க்ரஸ்தான் கம்பியை வாங்கிக் கேட்டார். இரண்டடி தள்ளி வைத்துக் கேட்டார். திரும்பி வந்து கேட்டார். பிறகு சாக்பீஸால் தரையில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

குடிநீர் நிலையத்தில், வரைபடத்தின்படி அங்கே குழாயே இல்லை என்றார்கள். வரைபடத்தில் இல்லாத இடத்தைத் தோண்ட வரைபடப் பிரிவின் அனுமதி வேண்டும் என்றார்கள். அக்காவுக்கு அது பழகிய மொழி. ஒரே நாளில் ஒன்பது இணைப்புகளோடு கோப்பு தயார் செய்தார். பத்தாம் நாள் தோண்டினார்கள். மன்னர் காலத்து இரும்புக் குழாய் ஒன்று, கை நுழையும் அளவுக்குப் பிளந்து, ஊருக்கு ஏற்றிய தண்ணீரை அமைதியாக டான்யூப் ஆற்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

மருந்துக்கடைக்காரர் தன் நிலவறை ஈரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் காரணம் என்று ஒன்பது வருடமாக வழக்கு நடத்திக்கொண்டிருந்தார். வழக்கு செத்துப்போயிற்று. வாதிக்கும் கோபம், பிரதிவாதிக்கும் கோபம். இருவரும் சேர்ந்துவந்து, 'உங்களுக்கு எதற்கு இந்த வேலை' என்று அக்காவைத்தான் கேட்டார்கள்.

மறுதேர்வில் க்ரஸ்தான் நான்கு போட்டார். "ஆறு போட்டா என்ன கொறஞ்சு போகும்?" என்று கேட்டார் அக்கா. "ஆறு எனக்கே கிடைக்காது" என்றார் அவர். இரண்டு எடுத்தபோது கத்தியவர், இந்த நான்கை எல்லோரிடமும் காட்டினார்.

2016இல் ஏழு பேர் பட்டம் வாங்கினார்கள். அவர்களில் மூவர் அந்தக் கோடையிலேயே ஜெர்மனிக்குப் பேருந்து ஏறினார்கள். படிப்பின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும் வேளை வந்தது. டீன் மறுபடி அக்காவிடம் வந்தார். இம்முறை அக்கா மனதில் இருந்ததை எழுதினார்: பிரெஞ்சு கிடையாது, நீச்சல் கிடையாது, விவசாய இயந்திரம் கிடையாது, க்ரஸ்தானுக்கு இருநூற்று நாற்பது மணி. எவ்திமுக்கு மட்டும் பத்து மணி விட்டுவைத்தார், பனிட்சாவுக்காக. புலக்குழு கூடி, நாற்பது நிமிடத்தில் எல்லாவற்றையும் பழைய இடத்தில் திரும்ப வைத்து, ஒருமனதாக நிறைவேற்றியது.

மறுநாள் அக்கா வேலையை விட்டார். அந்த வேலையில் நீடிக்கத்தான் பட்டம் வாங்கியிருந்தார். பட்டம் வந்த கையோடு குடிநீர் நிலையத்தில் சேர்ந்துவிட்டார். அங்கே அவருக்கு ஒரு மஞ்சள் மேலங்கியும் சொந்தமாக ஒரு கம்பியும் கொடுத்தார்கள். ஊரில் மண்ணுக்குள் போகும் தண்ணீர் இப்போது பாதிக்குச் சற்றே கீழே வந்திருக்கிறது என்று க்ரஸ்தான் சொல்கிறார். ஆற்றுக்கு அது பெரிய நஷ்டமில்லை.

அக்காவின் நாற்காலியில் இப்போது இரண்டு முதுகலைப் பட்டம் பெற்ற ஒரு பெண் இருக்கிறாள். நல்ல பெண்தான். இணைப்பு பதினெட்டில் எந்த முத்திரை வைப்பது என்று வாரம் ஒருமுறை அக்காவுக்குப் போன் செய்கிறாள். பள்ளத்துக்குள் இறங்காத நேரமாயிருந்தால் அக்கா எடுத்துச் சொல்லிக் கொடுக்கிறார்.