அண்ணையின் படையலில் மூன்று வைன்

அண்ணை இறந்த எட்டாம் நாள் படையலுக்கு நான் மூன்று வகை வைன் வைத்தேன். எட்டுச் செலவுக்கு இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வாழையிலையில் படைப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு மச்சம் மாமிசம் எல்லாம் உண்டு. குடித்தவராக இருந்தால் சாராயமோ விஸ்கியோ ஒரு கிளாசில் ஊற்றி வைப்பார்கள். உயிரோடு இருக்கும்போது பிடுங்கி ஒளித்த போத்தலை அன்றைக்கு வீட்டுப் பெண்களே எடுத்து வைப்போம். அண்ணை குடிப்பவர் என்பதில் எனக்கு ஏழு வருடமாக ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

அவர் கலியாணம் செய்யவில்லை. லுவார் ஆற்றுப் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர்கள் பாரிசின் ஸ்டாலின்கிராட் பகுதியில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார்கள். தங்கள் தோட்டத்து வைனை மட்டும் விற்பார்கள், கூடவே சாப்பிட இரண்டு மூன்று வகை இருக்கும். அண்ணை அங்கே கோப்பை கழுவப் போனார். பிறகு சமைத்தார். கடைசியில் எந்த வைனுக்கு எந்தச் சாப்பாடு பொருந்தும் என்று வருகிறவர்களுக்குச் சொல்கிற ஆளாகிவிட்டார். புரட்டாதியில் திராட்சை வெட்டத் தோட்டத்துக்கும் போய்விடுவார். நாங்கள் குடியிருக்கிற, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வேலையாகவே படவில்லை. குடிக்கிறதுக்குச் சம்பளம் வாங்குகிறார் என்று சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன், உள்ளுக்குள் வெட்கப்பட்டுக்கொண்டு.

ஏழு வருடத்துக்கு முன், மகள் பெரியபிள்ளையானபோது சாமத்தியச் சடங்கை ஒபர்வில்லியேயில் ஒரு மண்டபத்தில் வைத்தோம். தாய்மாமன் தேங்காய் உடைத்து, பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும். எனக்கு இருந்தது ஒரே அண்ணன். அவர் வேலையிலிருந்து நேரே, பட்டு வேட்டியைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். உதடெல்லாம் ஊதா நிறமாக இருந்தது. சட்டையிலும் இரண்டு இடத்தில் தெறித்திருந்தது. கிட்ட வந்ததும் வைன் மணத்தது. வந்த சனம் முழுக்க எங்களையே பார்த்தது. எனக்கு மானமே போய்விட்டது.

"இந்தக் கோலத்திலை என்ர பிள்ளையைத் தொடாதேங்கோ. போங்கோ," என்றேன்.

"நான் குடிக்கேல்லை, தங்கச்சி."

"குடிக்கிற எல்லாரும் இதைத்தான் சொல்லுறவை."

அண்ணை பையை எடுத்துக்கொண்டு வாசலால் போனார். எனக்கு அண்ணன் முறையான ஒருவரைக் கூப்பிட்டுத் தேங்காயை உடைப்பித்தோம். வீடியோவில் அவர்தான் இருக்கிறார். அதற்குப் பிறகு அண்ணையோடு நான் பேசவில்லை.

போன மாசி மாதம் வேலையிடத்திலேயே நெஞ்சு வலித்து விழுந்தவர் பிறகு எழும்பவில்லை. அவருடைய சாமான்களை எடுக்க மகளைத்தான் கடைக்கு அனுப்பினேன். ஒரு ஏப்ரன், மூன்று போத்தல் வைன், சமையல் மேசைக்கு மேலே ஒட்டியிருந்த ஒரு கடதாசி. இவ்வளவுதான் வந்தன. கடதாசியில் அண்ணை தன் கையெழுத்தில் தமிழில் எழுதியிருந்தார்.

புளிப்பான வெள்ளை வைனுக்குக் கணவாய் பொரியல், தேசிக்காய் பிழிய வேண்டாம், புளிப்பு வைனிலேயே இருக்கிறது. கொஞ்சம் இனிக்கிற வெள்ளைக்கு நண்டுக் கறி, உறைப்பைக் குறைக்கத் தேவையில்லை. சிவப்புக்குத் தேங்காய்ப்பாலில் வெள்ளைக்கறியாக வைத்த கத்தரிக்காய், போத்தலைச் சற்றுக் குளிரவிட்டுத் திறக்க வேண்டும். சிவப்போடு உறைத்த ஆட்டுக்கறி கூடவே கூடாது, வைன் கசந்துவிடும்.

எல்லாம் அம்மா வைக்கிற கறிகள். அந்தத் தோட்டத்து வைன்களுக்கு அவர் எங்கள் வீட்டுச் சட்டியிலிருந்தே துணை தேடியிருக்கிறார். வாசித்தபோது அழுகை வந்தது, கோபமும் வந்தது. நாக்கில் இவ்வளவு ருசியை வைத்திருந்த மனுசன் அதைக் குடித்தே அழித்தாரே என்ற கோபம்.

கடதாசியில் உள்ளபடியே சமைத்தேன். லா சப்பல் கடையில் நண்டும் கணவாயும் வாங்கினேன். என் வாழ்க்கையில் வைனைத் தொட்டதில்லை. அன்றைக்கு நண்டுக் குழம்பை வாயில் வைத்து, இனிப்பு வைனில் ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தேன். உறைப்பு அடங்கி, நண்டின் இனிமை மேலே வந்தது. அவர் எழுதியது சரிதான். இலை போட்டு, ஒவ்வொரு கறிக்கும் பக்கத்தில் அதற்கான வைனை ஊற்றி வைத்தபோது, அண்ணையை மன்னித்துவிட்டேன் என்று எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது.

தோட்டத்துச் சொந்தக்காரி ரயிலேறி வந்திருந்தார். அறுபது வயதிருக்கும் ஒரு மதாம். படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். இலையையும் கிளாஸ்களையும் பார்த்துவிட்டு, மகளிடம் பிரெஞ்சில் என்னவோ கேட்டார். மகள் தயங்கினாள்.

"துப்புறதுக்கு ஒரு பாத்திரம் வைக்கேல்லையோ எண்டு கேக்கிறா, அம்மா."

"செத்தவருக்கு முன்னாலை எச்சில் பாத்திரமோ? என்ன கதை இது?"

மதாம் நிறைய நேரம் பேசினார். மகள் விட்டுவிட்டுத் தமிழில் சொன்னாள். வைனை ருசி பார்க்கிறவர்கள் விழுங்குவதில்லை. வாயில் வைத்து அலசிவிட்டுப் பக்கத்து வாளியில் துப்பிவிடுவார்கள். ஒரு நாளில் முப்பது வகை பார்க்க வேண்டியிருக்கும், விழுங்கினால் வேலை நடக்காது. உதடு ஊதாவாகிவிடும். சட்டையில் தெறிக்கும், மணம் போகாது. மற்றவர்கள் வேலை முடிந்ததும் ஒரு கிளாஸ் குடிப்பார்கள். அண்ணை அதுவும் குடித்ததில்லை. திராட்சை வெட்டி முடிகிற நாளில் தோட்டத்தில் பெரிய விருந்து வைப்பார்களாம். அன்றைக்கும் அவருக்குத் தண்ணீர்தானாம்.

மண்டபத்தில் ஒரு தரம் அவரைக் குடிகாரன் என்று சொன்னேன். இப்போது சொந்தக்காரர் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார்த்தி, மூன்று கிளாஸ் வைத்து இரண்டாம் தரமும் சொல்லியிருக்கிறேன். அவரால் இந்தத் தரம் இல்லை என்று சொல்லவும் முடியாது.

குசினிக்குள் போய் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்து வந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். வந்திருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"விருந்திலை கூட ஏன் குடிக்கேல்லையாம்? கேள், பிள்ளை," என்றேன்.

மதாம் சுருக்கமாகத்தான் பதில் சொன்னார். மகள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"தனக்குப் பாரிசிலை ஒரு தங்கச்சி இருக்கிறா, எந்த நேரமும் கூப்பிடுவா எண்டு சொல்லுவாராம். கூப்பிட்டால் உடனை போகக்கூடிய மாதிரி இருக்கோணுமாம்."

லா சப்பலிலிருந்து ஸ்டாலின்கிராட் மெத்ரோவில் அடுத்த தரிப்பு. ஏழு வருடத்தில் நான் அவரை ஒரு தரமும் கூப்பிடவில்லை.