பணம் வருமுன் போட்ட கையெழுத்து

ரொசால்பா தமாயோ அமெரிக்காவில், ஃப்ரெஸ்னோ நகரில் இருபது வருடமாக அடுத்தவர் வீட்டுத் தரையில் முட்டி போட்டு டைல்ஸ் பதிப்பவள். முட்டி வலியைக் கூடப் பொறுத்துக்கொண்டாள். காகிதங்கள்தான் அவளை ஓய்த்துவிட்டன.

அங்கே கூலி வராவிட்டால், வேலை செய்தவர் அந்த வீட்டின் மேலேயே உரிமை கோரிப் பதியலாம். அதனால்தான் பணம் தருகிறவர்கள் 'உரிமையை விட்டேன்' என்று முன்கூட்டியே எழுதி வாங்குவார்கள். அதில் இரண்டு வகை. ஒன்று, செக் பணமானால்தான் செல்லும். மற்றது, பணம் வந்தாலும் வராவிட்டாலும் கையெழுத்துப் போட்டவுடன் உரிமை போச்சு. பணத்தைப் பார்க்காமல் இரண்டாவதைத் தொடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் ஓதியவளே ரொசால்பாதான்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அதை நீட்டியவன் காண்டிராக்டர் எஃப்ராயின். அவள் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன்; அந்த முறையில் அவளை 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிடுவான். அந்த உறவில் 'நம்பமாட்டேன்' என்பது செருப்பால் அடிப்பதற்குச் சமம்.

"இது வேற காயிதமாச்சே, எஃப்ராயின்."

"வீட்டுக்காரம்மாவோட பேங்க் இதத்தான் கேக்குது, கொமாத்ரே. திங்கக்கிழமை செக் உன் கையில. என்ன, என் மேலயே சந்தேகமா?"

"சீச்சீ. ஆளுங்களுக்குக் கூலி குடுக்கணும், அதான்."

"உன் புள்ளைய ஏந்தி நின்னவன் நான். ஏமாத்துவேனா?"

போட்டாள். திங்கட்கிழமை செக் வந்தது. புதன்கிழமை கணக்கில் பணமில்லை என்று திரும்பியது. அவளுக்குச் சேரவேண்டிய பணத்தை எடுத்து வேறொரு வீட்டு வேலையின் கடனை அடைத்திருந்தான் அந்த மகராசன். போனையும் எடுக்கவில்லை.

வீட்டுக்காரி ஹாகோபியன் அம்மாளிடம் போனாள். அவர் காப்பி கொடுத்துவிட்டுக் காகிதத்தையும் எடுத்து வந்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"இதப் பாத்துதாம்மா முழுப் பணமும் குடுத்தோம். இன்னொரு தடவை எங்கேர்ந்து குடுப்பேன்?"

அந்த அம்மாள் கேட்டது நியாயம். சண்டை போடக்கூட ஆளில்லாமல் போனதுதான் ரொசால்பாவுக்குப் பெரிய அலுப்பாக இருந்தது. சனிக்கிழமை ஆட்கள் வந்து நின்றார்கள். ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை.

அடுத்த மாதம் எஃப்ராயின் தானாகவே கூப்பிட்டான்.

"கொமாத்ரே, தப்புதான். பாப்பாவோட பதினஞ்சாவது பொறந்தநாள் விருந்துக்காவது நான் வரலாமா?"

"விருந்தே இல்ல, எஃப்ராயின். அதுக்குச் சேத்து வச்ச காசுலதான் ஆளுங்களுக்குக் கூலி குடுத்தேன்."

மறுமுனையில் அவன் அழுதான். அவன் அழுது முடிக்கும்வரை நிற்க அவளுக்குத் தெம்பில்லை. வைத்துவிட்டாள்.