அழித்த தேதிகள்

என் அண்ணனை எல்லோரும் ‘லைட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். நாடகமோ நடனமோ பள்ளிக்கூட ஆண்டு விழாவோ, மேடை என்று ஒன்று இருந்தால் அதற்கு வெளிச்சம் போடுகிறவன் அவன். எந்தக் குழுவிலும் நிரந்தர ஆள் கிடையாது. கூப்பிட்டால் போவான், வேலை முடிந்ததும் விளக்குகளைக் கட்டிக்கொண்டு வருவான். இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு.

நான் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஊரில் உள்ளவர்களின் வரவு செலவையெல்லாம் ஒழுங்கு பண்ணிக் கொடுத்துவிட்டு, கூடப் பிறந்தவனுடையதை மட்டும் ஒழுங்கு பண்ண முடியாமல் தலையில் அடித்துக்கொள்கிறவள். அவன் என்னை ‘கணக்குப்பிள்ளை’ என்பான். கிண்டல்தான். ஆனால் வாடகை கட்டும் நாள் நெருங்கினால் அந்தக் கணக்குப்பிள்ளையின் வீட்டுக் கதவைத்தான் தட்டுவான்.

அவனுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. சாப்பிட உட்கார்ந்தால் போன் தட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். குளிக்கப் போனால் அண்ணி அதைக் கையில் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். மணி அடித்தால், யார், என்ன தேதி என்று கேட்பதற்கு முன்பே வாயில் “வரேன் சார்” வந்துவிடும். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அண்ணியை அழைத்துக்கொண்டு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் எங்கேயும் போனதில்லை. போன இடத்தில் சிக்னல் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பான்.

“அப்படி ஒரு போன் எடுக்கலேன்னா என்ன, உலகமா முழுகிடும்?” என்று ஒரு தரம் கேட்டேன்.

“முழுகாது. அடுத்த தடவை வேற ஆளுக்குப் போகும். அதுக்கப்புறம் எனக்கு வரவே வராது.”

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ‘பென்சிலில் போடுவது’ என்பார்கள். நிகழ்ச்சி நடக்குமா நடக்காதா என்று தெரியாதபோதே கூப்பிட்டு, “அந்தத் தேதியப் பென்சில்ல போட்டு வை” என்பார்கள். போட்டு வைத்தவன் அந்தத் தேதியை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. அவர்கள் மட்டும் முந்தின நாள் மத்தியானம்கூட ரத்து பண்ணலாம். அதற்குக் காசு கிடையாது, ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்க மாட்டார்கள். இது என்ன நியாயம் என்று நான் பல தடவை குதித்திருக்கிறேன். நான் குதித்தால் யாருக்கு என்ன?

சிக்கல் தொடங்கியது நகரசபை அரங்கத்தின் விளம்பரத்தில். ஒளி அமைப்பு மேற்பார்வையாளர், நிரந்தர வேலை, மாதச் சம்பளம். வயது நாற்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். அண்ணனுக்கு நாற்பத்தைந்து முடிய இரண்டே மாதம். விட்டால் இந்த ஜென்மத்தில் இன்னொரு தடவை கிடையாது. அண்ணி ஒரு மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று வாங்கும் சம்பளத்தில்தான் அவர்கள் குடும்பம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குக் காலில் நரம்பு சுருண்டு, இனி நிற்கிற வேலை கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். விளம்பரத்தைப் பார்த்ததும் அதை வெட்டி என்னிடம் கொடுத்தாள்.

“நான் சொன்னா பேச்ச மாத்துவாரு. நீ சொல்லு.”

நான் சொன்னேன். அண்ணன் வாயில் இருந்ததை மென்று முழுங்கிவிட்டு, “பார்க்கலாம்” என்றான். இந்தப் ‘பார்க்கலாம்’ எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கே விண்ணப்பத்தை வாங்கி வந்தேன். பத்து வருஷ அனுபவத்துக்குச் சான்று வேண்டும், வேலை பார்த்த குழுக்களின் முத்திரையோடு, எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று எழுதி. இருபத்திரண்டு வருஷம் உழைத்தவனிடம் பத்து வருஷம் கேட்கிறார்கள், இது ஒரு பெரிய காரியமா என்று நினைத்தேன்.

“டைரி எல்லாம் எங்கண்ணா?”

கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் போட்டான். வருஷத்துக்கு ஒன்று, இருபத்திரண்டு டைரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். முதல் டைரியைப் புரட்டினால் பக்கம் பக்கமாக வெறும் தாள். எழுதி அழித்த தடம் மட்டும் இருந்தது. இரண்டாவதும் அப்படியே. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தேதிகள் மட்டும் பென்சிலில் நின்றன.

“இது என்ன கூத்து? எதுக்கு அழிச்சிருக்க?”

“காசு வந்ததும் அழிச்சிடுவேன்.”

“ஏன்?”

“வந்துடுச்சுல்ல. அது முடிஞ்ச கதை. வராதது மட்டும் கண்ணுல படணும், அப்பதான் மறக்காம கேட்க முடியும்.”

“கேட்டியா?”

தலையைச் சொறிந்தான். கேட்டால் கோபித்துக்கொண்டு கூப்பிடாமல் விட்டுவிடுவார்களே. ஆக, என் அண்ணன் ஒழுங்காகச் செய்து ஒழுங்காகச் சம்பாதித்த நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகளை அவனே ரப்பரால் தேய்த்து ஊதிவிட்டிருக்கிறான். அவனுக்குப் பட்டை நாமம் போட்டவர்களின் வரலாறு மட்டும் பத்திரமாக இருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் டைரியை அவன் மடியில் விட்டெறிந்தேன். அண்ணி அதை எடுத்துத் தூசி தட்டி அடுக்கினாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் எனக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

காசு கொடுத்த பழைய குழுக்களில் முக்கால்வாசி கலைந்து போய்விட்டன. இப்போது ஒழுங்காகக் கொடுக்கிற இரண்டு குழுக்களும் மூன்று வருஷப் பழக்கம்தான். அவர்களிடம் கேட்கவும் அண்ணன் சம்மதிக்கவில்லை. “லைட்டு நிரந்தர வேலைக்குப் போறான்னு பேச்சு கிளம்பிட்டா ஒருத்தன் தேதி தர மாட்டான். அந்த வேலையும் கிடைக்கலேன்னா? ரெண்டும் போச்சு.” அவன் பயம் பொய்யில்லை என்பதால் அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

மிஞ்சியது ஏமாற்றியவர்கள்தான். சரி, அவர்களையே பிடிப்போம் என்று முடிவு செய்தேன். டைரியில் இருந்த பெயர்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டேன். லைட்டின் தங்கச்சி என்றதும் எதிர்ப்பக்கம் குரல் கம்மிவிடும். “பாக்கிய நாங்க மறந்துடறோம் சார். ஒரு சான்றிதழ் மட்டும் எழுதிக் குடுங்க” என்பேன். அப்புறம் பார்க்க வேண்டுமே அவர்கள் சுறுசுறுப்பை! ஒருவர் அன்று சாயங்காலமே ஆபீஸுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனார். ஒரு நடன ஆசிரியை, மூன்று நிகழ்ச்சிக்குக் கடுக்காய் கொடுத்தவள், ‘இவரைப் போன்ற கலைஞரை என் வாழ்நாளில் கண்டதில்லை’ என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். கலைஞனுக்குப் பசிக்காது என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது.

எல்லாவற்றையும் கூட்டினால் ஆறரை வருஷம் தேறியது. இன்னும் மூன்றரை வேண்டும். ஒரே ஒருவர்தான் பாக்கி. பெரிய நாடகக் குழுவின் முதலாளி. அண்ணன் அவரிடம் பன்னிரண்டு வருஷமாகத் தொடர்ந்து வேலை பார்க்கிறான். எப்போது காசு கேட்டாலும் ஒரே பதில் சொல்வதால் எல்லோரும் அவருக்கு ‘நாளைக்கு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். டைரிப்படி பதினொரு நிகழ்ச்சி பாக்கி. ஆனால் மாதம் தவறாமல் தேதி கொடுப்பவரும் அவர்தான். அவரிடம் போய்ச் சான்றிதழ் கேட்பதும், நான் கிளம்புகிறேன் என்று ஊருக்கெல்லாம் சொல்வதும் ஒன்றுதான்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கியது. அண்ணன் வீட்டுக்குள் நடையாய் நடந்தான். சரியாக எரிந்துகொண்டிருந்த பல்பைக் கழற்றி மறுபடி மாட்டினான். கடைசியில் அண்ணிதான் சொன்னாள்: “உங்களுக்கு அவர இழக்கறதுதான் பயம்னா போகாதீங்க. எனக்குக் கால் வலி தாங்க முடியல, அவ்வளவுதான்.” அவள் குரலை உயர்த்தவில்லை. அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

ஓர் அச்சகத்துக்கு மேல்மாடியில் அவர்களுடைய ஒத்திகை அறை. ‘நாளைக்கு’ எங்களை உட்காரச் சொன்னார். சான்றிதழ் வேண்டும், டைரிப்படி பதினொரு நிகழ்ச்சிப் பாக்கியை விட்டுவிடுகிறோம் என்று நான் சொன்னபோதும் அவர் முகம் மாறவில்லை. அலமாரியிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்தார். நான் எட்டிப் பார்த்தேன். என் ஆபீஸில்கூட அத்தனை சுத்தமான நோட்டுக் கிடையாது. ஒவ்வொரு நிகழ்ச்சியும், அண்ணனுக்குக் கொடுத்ததும் கொடுக்காததும், மசியில், முத்து முத்தான எழுத்தில்.

“பதினொண்ணுன்னு சொன்னீங்க இல்ல?” என்றார். “பதிமூணு. ரெண்ட மறந்துட்ட லைட்டு.”

மறந்துபோய்க் கொடுக்காதவரை மன்னிக்கலாம். இந்த மனுஷர் ஒவ்வொரு நாளும் தெரிந்தே இருந்திருக்கிறார்.

“தெரிஞ்சு வச்சிருக்கீங்க, அப்புறம் ஏன் சார் குடுக்கல?” என்று கேட்டுவிட்டேன். அண்ணன் என் கையைப் பிடித்து அழுத்தினான்.

“கேட்டவங்களுக்குக் குடுத்தேன்மா. உங்க அண்ணன் கேக்கறத விட்டுட்டான்” என்றார் அவர், கொஞ்சமும் வெட்கமில்லாமல். பிறகு நாங்கள் கேட்டதற்கு மேலேயே, பன்னிரண்டு வருஷத்தையும் தேதி தேதியாக எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். எழுந்து வாசல் வரைக்கும் வந்தார். “அடுத்த மாசம் நாலு தேதி சொல்லியிருந்தேன் இல்ல? அதுக்கு வேற ஆளப் போட்டுக்கறேன். நீ இன்டர்வியூவுக்கு நல்லா தயார் பண்ணிக்கோ.”

அண்ணன் எனக்கு முன்னால் படி இறங்கினான். பஸ்ஸில் ஏறியதும், “நாலு தேதி போச்சு” என்றான்.

அவன் பயந்தது அப்படியே நடந்தது. அந்த வாரத்திலேயே செய்தி பரவி, ஏழு வாரம் போன் அடிக்கவில்லை. பக்கத்து வீட்டில் மணி அடித்தால்கூட இவன் எழுந்து நிற்பான். விளக்குக் கண்ணாடிகளைத் துடைத்தான், கம்பிகளைச் சுருட்டினான், சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினான். சமையலறைக்கு வெள்ளையடித்தான். சுண்ணாம்பு தீர்ந்ததும் பாதிச் சுவரோடு நின்றுவிட்டது. அண்ணி எப்போதும்போல வேலைக்குப் போய் நின்றாள். என்னால் அந்த வீட்டுக்குள் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. இந்த வேலை கிடைக்காவிட்டால் அதற்கு நான்தான் காரணம் என்ற நினைப்பு என்னைப் பிடுங்கித் தின்றது.

இன்டர்வியூவில் அதிகம் கேட்கவில்லையாம். அரங்கத்துக்குள் கூட்டிப்போய், மேடையைப் பார்த்து ஏதாவது சொல் என்றார்களாம். இவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, “விளக்கு மாட்டற மூணாவது கம்பில எடை ஜாஸ்தி. நடிகருங்க தலைல விழும். வயரிங்கும் ரொம்பப் பழசு, முதல்ல அத மாத்துங்க” என்றிருக்கிறான். வேலை கேட்டுப் போன இடத்தில் குறை சொல்லிவிட்டு வந்தாயா என்று நான் நொந்துபோனேன். பத்து நாளில் உத்தரவு வந்தது. அண்ணி அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். அவள் பகலில் உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு.

ஒன்றாம் தேதி சேர்ந்தான். அவன் சொன்ன வயரிங்கை மாற்றுவதற்காக அந்த மாதம் முழுக்க அரங்கத்தை மூடி வைத்திருந்தார்கள். ஒரு நிகழ்ச்சியும் இல்லை. காலையில் போய்க் கையெழுத்துப் போடுவான், ஆட்கள் வேலை செய்வதைப் பார்ப்பான், வருவான்.

மாதக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் என் ஆபீஸுக்கு வந்து நின்றான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. போனை என்னிடம் நீட்டினான்.

“பேங்க்ல பணம் வந்திருக்கு. தப்பா போட்டுட்டாங்க போல. எப்படித் திருப்பிக் கட்டறதுன்னு பாரு.”

வாங்கிப் பார்த்தேன். உத்தரவில் இருந்த தொகை, பிடித்தம் போக, காசு குறையாமல் இருந்தது.

“சம்பளம்ணா இது.”

“இந்த மாசம் நான் ஒரு விளக்குகூடப் போடலியே.”

“சம்பளம் மாசத்துக்கு வரும். ஷோவுக்குக் கிடையாது.”

“நான் யாருகிட்டயும் கேட்கக்கூட இல்ல.”

“கேட்க வேணாம். அதுவா வரும்.”

கணக்குக் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தான். இப்போதாவது சிரிப்பான் என்று பார்த்தேன்.

“ஒரு தடவை ஏணிலேர்ந்து விழுந்து கை உடைஞ்சது. துணியச் சுத்திக்கிட்டு ஒத்தக் கையாலயே மூணு மணி நேரம் ஷோ ஓட்டினேன். அதுக்கு இன்னிக்கு வரைக்கும் காசு வரல. நடத்தினவன்கிட்டப் போய் நின்னப்ப, எனக்கே ஏதோ பிச்சை கேக்கற மாதிரி இருந்துச்சு, திரும்பி வந்துட்டேன்.” போனைத் திருப்பி வாங்கி அந்தத் தொகையையே பார்த்தான். “காசுன்னாலே அப்படித்தான், கெஞ்சினாதான் வரும்னு நினைச்சிட்டிருந்தேன். இவ்வளவு சுலபமா? நான் சந்தோஷப்படணும்ல? எனக்கு ஏன் இப்படிக் கோபம் வருது?”

தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “ரெண்டு மணிக்கு உள்ள இருக்கணும்” என்று எழுந்து போனான்.