நாற்றக்கடை

திருத்தணியில் மலைக்குப் போகும் தெருவில் எங்களுக்கு ஒரு சிறிய கடை இருக்கிறது. சந்தனம், ஜவ்வாது, ஊதுவத்தி, சாம்பிராணி, பன்னீர் விற்கிறோம். மொட்டை போட்டவர்கள் தலையில் பூசிக்கொள்ளச் சந்தனம் கேட்டு வருவார்கள். கடையில் உட்காருவது என் மனைவி. நான் ஒரு பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். மாலையிலும் விடுமுறை நாட்களிலும் கடைக்கு வருவேன்.

கடைக்குப் பெயர் வைத்தது நான். ‘நன்னாற்றம்’ என்று வைத்தேன்.

“வேணாங்க, நாத்தம்னு வருது” என்றாள் மனைவி.

நான் அவளை உட்காரவைத்து விளக்கினேன். நாறுதல் என்றால் அந்தக் காலத்தில் மணம் வீசுதல். பூ நாறும், சந்தனம் நாறும். முளைத்து வெளியே வருவதற்கும் அதே சொல்தான். வயலில் நடும் நாற்று அதிலிருந்துதான் வந்தது. அப்படிப்பட்ட சொல்லைப் பிற்காலத்தில் கெட்ட வாடைக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டார்கள். நாம் அதை மீட்கலாம் என்றேன்.

“வர்றவங்க எல்லார்கிட்டயும் இத நான் சொல்லிகினு இருக்கணுமா?”

“கேட்டா சொல்லு. நாலு பேரு தெரிஞ்சிக்கட்டும்.”

பலகை மாட்டினோம். ‘நன்’ யார் கண்ணிலும் படவில்லை. கொஞ்ச நாளிலேயே தெருவில் எங்கள் கடை ‘நாத்தக்கட’ ஆயிற்று. பூக்காரர்கள் வழி சொல்லும்போது அப்படித்தான் சொன்னார்கள். எனக்கு உள்ளூர வருத்தம்தான். ஆனால் அறியாதவர்கள் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதில் ஒரு சுகமும் இருந்தது.

ஆடிக் கிருத்திகை வந்தது. தெரு முழுக்கக் காவடியும் மஞ்சள் வேட்டியுமாக இருந்தது. பிற்பகலில் கொஞ்சம் ஓய்ந்ததும் எதிர்ச் சாரியில் டீ குடிக்கப் போனேன். அப்போது ஒரு வேனில் வந்த குடும்பம் எங்கள் கடை முன்னால் நின்றது. ஆண்கள் எல்லோரும் புது மொட்டை. அவர்களில் ஒருவர் பலகையை உரக்கப் படித்தார். கூட இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்தார்கள்.

“ஏம்மா, உள்ள இன்னா நாறுது?” என்று அவர் கேட்டார்.

“சந்தனம்தாங்க. மோந்து பாருங்க.” அவள் உள்ளங்கையில் கொஞ்சம் குழைத்து நீட்டினாள்.

அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பையன் இதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

“அது பழைய தமிழுங்க. நல்ல வாசனைன்னு அர்த்தம்” என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். நான் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே சொன்னாள். பூ நாறும் என்றாள். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். “அப்ப நீயும் நல்லா நாறுவியாம்மா?” என்றார் அவர்.

அவள் கை நீட்டியபடியே இருந்தது. அப்போது அவள் தெருவின் இந்தப் பக்கம் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அங்கே போக எனக்குப் பத்தடி கூட இல்லை. நான் டீக்கடைக்காரரிடம் திரும்பி, அன்றைய செய்தித்தாள் இருக்கிறதா என்று கேட்டேன்.

வேன் போன பிறகுதான் கடைக்குப் போனேன். அவள் ஈரத்துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “டீ குடிச்சீங்களா?” என்று கேட்டாள். குடித்தேன் என்றேன். அன்று அவ்வளவுதான் பேச்சு.

அந்த வீடியோ போன்களில் சுற்றியது. அரக்கோணத்தில் கல்லூரிக்குப் போகும் எங்கள் மகள் ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் சொன்னாள்: “ட்ரெயின்ல எல்லாரும் அத பாத்துகினு சிரிச்சாங்கப்பா. அம்மாவ காட்டி இது யாரு தெரியுமா, உங்க ஊருதானேன்னு ஒருத்தி கேட்டா. தெரியாதுன்னு சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டு அழுதாள். அவளைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. அவளாவது வீட்டுக்கு வந்து சொன்னாள்.

மறுநாள் பலகையைக் கழற்றினேன். “வாசனைன்னே வெச்சிடலாம்” என்றேன் மனைவியிடம்.

“எங்க வீட்ல வாசன வருதுன்னா மூக்க பொத்திக்குவோம்” என்றாள். அவள் பள்ளிப்பட்டுக்காரி, பிறந்த வீட்டில் தெலுங்கு. “தெலுங்குல மொட்டையா வாசனன்னு சொன்னா நல்ல அர்த்தம் இல்லீங்க. அந்தப் பழைய பேர வெச்சிகினு இத்தன நாள் கட ஓடுச்சுன்னா, ஆந்திராவுல நகரி, புத்தூர்லேர்ந்து வர்றவங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அதனாலதான்.”

இத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் இதை நான் அவளிடம் கேட்டதில்லை. சொல்லின் வேரைத் தேடிப் பழைய நூல்களுக்குப் போனவன், பக்கத்தில் இருந்தவளின் மொழியில் மணத்துக்கு என்ன சொல் என்று பார்க்கவில்லை.

பெயர்ப்பலகை எழுதுகிறவரிடம் இந்த முறை அவளே போனாள். ‘பரிமளம்’ என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வாங்கி வந்தாள். இரண்டு மொழியிலும் அதற்கு ஒரே பொருள், நல்ல பொருள்.

“இதுக்கு எதனா கத இருக்கா?” என்று கேட்டாள். கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை.

“வடமொழிச் சொல்லு. அரைச்சா, தேய்ச்சா கெளம்புற வாசனைன்னு சொல்லுவாங்க” என்றேன்.

“ஆங், சந்தனத்துக்குப் பொருந்துது” என்று சொல்லிவிட்டு ஏணியைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்துக்கொண்டேன்.

இப்போது வாடிக்கைக்காரர்கள் அதை அவள் பெயர் என்றே நினைக்கிறார்கள். “பரிமளக்கா, சந்தனம் குடுங்க” என்கிறார்கள். அவளும் மறுக்காமல் எடுத்துக் கொடுக்கிறாள். கிருத்திகை அன்று நடந்ததைப் பற்றி அவள் இதுவரை கேட்கவில்லை. நானாகப் பேசவேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து அவள் பக்கத்தில் போய் உட்காருகிறேன். பிறகு சாம்பிராணி தீர்ந்துவிட்டதா என்று கேட்கிறேன்.